காவிரிக் கரையில் உயிர் வேதியியல்

வேலூர் என்றவுடன் பலருக்கும் கோட்டையும், அதனருகே புகழ்பெற்று விளங்கும் மருத்துவக் கல்லூரியும் நினைவுக்கு வரும். இன்று நான் கூறப் புகுந்த வேலூர் அதுவன்று. காவிரியின் வடகரையில், கரூருக்குச் செல்லும் வழியில், வாழையும் வெற்றிலைக் கொடிக்காலும் கரும்பும் சூழ இருக்கும் பரமத்தி வேலூர் அது. ஒரு பெயர் கொண்ட ஊர் இரண்டு இருப்பதால், பரமத்தியை முன்னே இட்டு வழங்குவது மரபாயிற்று.

அவ்வூரில் வாழைத்தார் ஏலம் நடக்கும் இடத்தில் விவசாயி ஒருவர் என்னைக் கண்டு பேசினார். அவர் மகன் பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் பெற்றவன். மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைக்கவில்லை. "டாக்டருக்குக் கிடைக்கலீங்க. சும்மா இருக்க வேண்டாம்னு பயோகெமிஸ்ட்ரியில சேர்த்திருக்கேனுங்க. அதைப் படிச்சா என்னாகுமுங்க?" என்று வினவினார். பையனும் பக்கத்தில் நின்றான். தந்தை சொல்லி முடிக்கும் வரையில் அவன் தலை நிமிரவில்லை.

'ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை' என்பது நம் நாட்டுப் பழமொழி. மருத்துவம் என்னும் ஆலை வாய்க்காதவர்களுக்கு உயிர் வேதியியல் என்னும் இலுப்பைப்பூ என்றே பெற்றோர் பலரும் எண்ணுகின்றனர். மேல்நிலைத் தேர்வு மதிப்பெண்களுக்கும், அதற்கென எழுந்த விடுதிப் பள்ளிகளுக்கும் பெயர் பெற்ற நாமக்கல் மாவட்டத்தில் இவ்வெண்ணம் சற்று வலுவாகவே வேரூன்றியிருக்கிறது. தோற்றவன் என்ற நினைவோடு ஒரு மாணவன் மூன்றாண்டு வகுப்பில் உட்காருவானாயின், அம்மூன்று ஆண்டும் வீணாகும். ஆகவே அக்கேள்விக்கு விடை கூறுவது கடமையாகிறது.

முதலில், உயிர் வேதியியல் என்பது யாது? உயிருள்ள பொருளுக்குள் நிகழும் இரசாயன மாறுதல்களை ஆராயும் கலையே அது. உயிருக்குள் நிகழ்பவை ஏதோ தனிச் சக்தியால் நிகழ்பவை என்றும், அவற்றைச் சோதனைக் குழாயில் காண இயலாது என்றும் ஒரு காலத்தில் அறிஞர்கள் நம்பியிருந்தனர். 1897ஆம் ஆண்டில் ஜெர்மானிய விஞ்ஞானி எட்வர்ட் பூக்னர், ஈஸ்ட் எனப்படும் காடியை மணலோடு சேர்த்து அரைத்துச் சாறு பிழிந்தார். சாறு கெடாதிருக்கச் சர்க்கரை சேர்த்தார். சற்று நேரத்தில் அதிலிருந்து குமிழிகள் எழுந்தன. உயிருள்ள செல் ஒன்றும் இல்லாத சாற்றில் சர்க்கரை புளித்துச் சாராயமாகவும் கரியமில வாயுவாகவும் மாறிக்கொண்டிருந்தது! அம்மாறுதலை நடத்தியது சாற்றிலிருந்த என்சைம் என்னும் நொதி. இந்தக் கண்டுபிடிப்புக்காக 1907ஆம் ஆண்டில் பூக்னர் நோபல் பரிசு பெற்றார். உயிர் வேதியியலின் வாயில் அன்று திறந்தது எனலாம்.

வாயில் ஜெர்மனியில் திறந்ததாயினும், அதன் உள்ளே நிகழ்வன அனைத்தும் பரமத்தி வேலூரில் நாள்தோறும் நிகழ்கின்றன. மூன்றினை மட்டும் இங்கே எடுத்துக்கொள்வோம்.

முதலாவது, வெல்லம் காய்ச்சும் ஆலைக் கொட்டகை. வெட்டிய கரும்பை உடனே ஆட்ட வேண்டும். நாட்பட்டால் வெல்லம் உருண்டை பிடிக்காது என்பதை அங்குள்ள எவரும் அறிவர். காரணம் என்ன? கரும்பில் இருப்பது சுக்ரோஸ் என்னும் சர்க்கரை. குளுக்கோஸ், ஃபிரக்டோஸ் என்னும் இரு சிறு சர்க்கரைகள் கைகோத்து நிற்பதே சுக்ரோஸ். கரும்பு வெட்டுண்டபின் அதனுள்ளே இருக்கும் இன்வர்ட்டேஸ் என்னும் நொதி அக்கைகளைப் பிரித்துவிடுகிறது. சாறு புளிப்பாயிருந்து கொப்பரையில் கொதித்தாலும் அதே பிரிவு நேர்கிறது. பிரிந்த சர்க்கரை எளிதில் கட்டியாகாது. காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக் கசியும். சாற்றில் அளவறிந்து சுண்ணாம்பு இடுவதன் உட்பொருளும் இதுவே. சுண்ணாம்பு புளிப்பை மாற்றுகிறது. அழுக்கைத் திரட்டி மேலே கொணர்கிறது. பாட்டன் காலந்தொட்டு வரும் இப்பழக்கம் ஒரு தேர்ந்த இரசாயனச் செயலாகும்.

உயிர் வேதியியல் மாணவன் முதலாண்டில் செய்யும் சோதனைகளுள் ஒன்று பெனடிக்ட் சோதனை. நீல நிறக் கரைசலில் குளுக்கோஸ் கலந்து சூடேற்றினால், நிறம் பச்சையாகி, மஞ்சளாகி, செங்கல் நிறமாகும். தூய சுக்ரோஸ் இட்டால் நீலம் மாறாது. அதே சுக்ரோஸை அமிலத்தோடு கொதிக்கவைத்துப் பின்னர் இட்டால் செங்கல் நிறம் தோன்றும். கசிந்த வெல்லத்தை இட்டுப் பார்த்தால் அது எவ்வளவு பிரிந்த சர்க்கரையைக் கொண்டது என்பது நிறத்திலேயே புலப்படும். நீரிழிவு நோயாளியின் சிறுநீரில் சர்க்கரை உண்டா எனக் காண, மருத்துவமனைகளில் நெடுங்காலம் கையாளப்பட்டதும் இதே நீலக் கரைசல்தான். கொப்பரைக்கும் மருத்துவமனைக்கும் இடையே உள்ள உறவை இச்சிறு குழாய் ஒன்றே காட்டிவிடுகிறது.

இரண்டாவது, வாழை. பூவன், இரஸ்தாளி, கற்பூரவள்ளி, பச்சைநாடன் என ஏலத்திற்கு வரும் தார்களெல்லாம் காயாகவே வருகின்றன. காயில் நூற்றுக்கு இருபது பங்கும் அதற்கு மேலும் மாவுச்சத்து இருக்கும். பழுத்தபின் ஓரிரு பங்கே எஞ்சும், ஏனையது சர்க்கரையாகிவிடும். இம்மாற்றத்திற்கு ஆணை பிறப்பிப்பது எத்திலீன் என்னும் வாயு. அது காய்க்குள்ளேயே பிறக்கிறது. மெத்தியோனின் என்னும் அமினோ அமிலத்திலிருந்து அது எந்தப் படிகளின் வழியே உண்டாகிறது என்பதில் விடுபட்டிருந்த முக்கியக் கண்ணியை, 1979ஆம் ஆண்டில் கலிபோர்னியாவில் ஷாங் ஃபா யாங் என்பாரும், உடன் பணிபுரிந்த ஆடம்ஸ் என்பாரும் கண்டறிந்தனர்.

மூடிய அறையில் தார்களை அடுக்கிப் புகை போட்டுப் பழுக்கவைக்கும் வழக்கத்தை நாம் அறிவோம். அப்புகையிலும் சிறிதளவு எத்திலீன் உண்டு. ஆனால் கார்பைடு கல்லை வைத்துப் பழுக்கவைப்பது வேறு. ஈரம் பட்டவுடன் அதிலிருந்து அசிட்டிலீன் வாயு எழுகிறது. அது எத்திலீனைப் போல நடிக்கிறது. தொழிற்சாலைக் கார்பைடில் ஆர்சனிக், பாஸ்பரஸ் ஆகிய நச்சுப் பொருள்களின் கலப்பும் இருக்கக்கூடும். ஆதலின் அரசு அதனைத் தடை செய்து, பத்து இலட்சம் பங்கு காற்றில் நூறு பங்கு வரையில் எத்திலீன் வாயுவைப் பயன்படுத்த இசைவு தந்திருக்கிறது. 'கூடாது' என்று சட்டம் கூறும். 'ஏன் கூடாது, அதற்கு மாற்று யாது' என்று கூற வல்லவன் இப்பாடத்தைக் கற்றவன்.

மூன்றாவது, குச்சிக்கிழங்கு என்று அப்பக்கத்தார் வழங்கும் மரவள்ளி. ஜவ்வரிசி ஆலைகளுக்குச் செல்லும் இக்கிழங்கின் இலையை மேய்ந்த ஆடுகள் மூச்சுத் திணறி வீழ்ந்து மடிவதுண்டு. இலையில் லினமாரின் என்னும் பொருள் இருக்கிறது. அதனைச் சிதைக்கும் நொதியும் அதே இலையில் வேறோர் அறையில் இருக்கிறது. ஆடு மெல்லும்போது இரண்டும் கலக்கின்றன. ஹைட்ரஜன் சயனைடு என்னும் கொடிய நஞ்சு பிறக்கிறது. இந்நஞ்சு மூச்சை அடைப்பதில்லை. இரத்தம் ஆக்ஸிஜனைச் சுமந்துகொண்டுதான் செல்கிறது. செல்லுக்குள் அந்த ஆக்ஸிஜனை ஏற்றுக்கொள்ளும் கடைசி நொதியைச் சயனைடு பற்றிக்கொள்வதால், ஆக்ஸிஜன் வாயிலில் வந்து நின்றும் வீட்டுக்குள் நுழைய முடிவதில்லை. மடியும் ஆட்டின் இரத்தம் பளிச்சென்று சிவந்திருப்பதன் காரணமும் இதுவே.

கால்நடை மருத்துவர் ஓடிவந்து இரத்தக் குழாயில் செலுத்தும் மருந்துகளுள் ஒன்று சோடியம் தயோசல்ஃபேட். புகைப்படக்காரர்கள் படம் கழுவப் பயன்படுத்திய 'ஹைப்போ' உப்பே அது. உடலில் உள்ள ரோடனீஸ் என்னும் நொதி, அந்த உப்பிலிருந்து கந்தகத்தை எடுத்துச் சயனைடோடு சேர்த்து, அதனைக் கொடுமை குறைந்த வேறு பொருளாக்கிச் சிறுநீர் வழியே வெளியேற்றுகிறது. ஓர் ஏழைக் குடும்பத்தின் ஐந்து ஆடுகள் பிழைப்பதும் மடிவதும் ஒரு நொதியின் வேலையைப் பொறுத்ததாக இருக்கிறது. இதனை அறிதல் வெறும் ஏட்டுக் கல்வியாகுமா?

இனி, கல்லூரியின் மூன்று ஆண்டுகளைக் காண்போம். நாமக்கல், சேலம் மாவட்டங்களின் கலை அறிவியல் கல்லூரிகள் பல, 1997ஆம் ஆண்டில் தோன்றிய சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தோடு இணைந்தவை. அவற்றுள் சிலவற்றில் இப்பட்டப் படிப்பு நடைபெறுகிறது. முதலில் உயிர்ப் பொருள்களின் அமைப்பு: சர்க்கரை, புரதம், கொழுப்பு, மரபணுவின் அமிலங்கள் ஆகியவை. அடுத்து நொதிகளும், உண்ட உணவு படிப்படியாக மாறி ஆற்றலாகும் வழிகளும். பின்னர் நோயாளியின் இரத்தமும் சிறுநீரும் கூறும் செய்திகள், நோய் எதிர்ப்பு, மரபணுவின் செயல். இவற்றோடு இரசாயனப் பாடமும் உடன் வரும்.

இரண்டிடத்தில் மாணவர் இடறுவதைக் காண்கிறோம். ஒன்று, ஆங்கிலப் பெயர்கள். கிளைக்காலிசிஸ் என்னும் சொல்லைக் கண்டு அஞ்சி, அதன் பத்துப் படிகளையும் பொருளுணராமல் நெட்டுருச் செய்கின்றனர். ஒரு குளுக்கோஸ் இரண்டாகப் பிளந்து, அதன் ஆற்றலில் சிறு பகுதி கைக்கு வருகிறது என்று தாய்மொழியில் ஒருமுறை தமக்குத்தாமே சொல்லிப் பார்த்துவிட்டால், பெயர்கள் தாமாகவே மனத்தில் அமரும். பாகின் பதத்தை விரல்நுனியில் சோதிக்கும் ஆலைக்காரரின் மகனுக்கு இது கடினமன்று. மற்றொன்று, ஆய்வுக்கூடத்தில் பொறுமையின்மை. ஒரு துளி மிகுந்தாலும் கணக்கு பிழையாகும் இடம் அது. முன்னமே தெரிந்த விடைக்கு ஏற்பக் குறிப்பேட்டைத் திருத்தி எழுதும் பழக்கம் ஏற்பட்டுவிட்டால், பட்டம் கிடைக்கும், கல்வி கிடைக்காது.

அப்படித் திருத்தாமல், கண்டதைக் கண்டபடி எழுதிய ஒருவரின் கதையை இங்கே கூற விரும்புகிறேன். எல்லாப்ரகடா சுப்பாராவ், 1895ஆம் ஆண்டில் ஆந்திர நாட்டுப் பீமவரத்தில் பிறந்தவர். சென்னையில் மருத்துவம் பயின்றவர். உடன்பிறந்தார் இருவரை ஸ்ப்ரூ என்னும் குடல் நோய்க்குப் பறிகொடுத்தார். தேர்வின் முடிவில் எம்.பி.பி.எஸ். பட்டம் அவருக்குக் கிடைக்கவில்லை. அதனினும் குறைந்ததாகக் கருதப்பட்ட எல்.எம்.எஸ். சான்றிதழே கிடைத்தது. 1923ஆம் ஆண்டில் அமெரிக்கா சென்று ஹார்வர்டில் சேர்ந்தபோது, பிழைப்புக்காக மருத்துவமனையில் இரவு நேரப் பணியாளாக வேலை செய்தார்.

அங்கு ஃபிஸ்க் என்பாரோடு சேர்ந்து, இரத்தத்திலும் சிறுநீரிலும் உள்ள பாஸ்பரஸை அளக்கும் முறையொன்றை 1925ஆம் ஆண்டில் வெளியிட்டார். நீல நிறம் எவ்வளவு ஆழ்ந்து தோன்றுகிறதோ அவ்வளவு பாஸ்பரஸ் என்பது அம்முறை. தசையின் சாற்றில் அதனைச் செய்தபோது, நீலம் உடனே முற்றாமல் நேரம் செல்லச் செல்ல மிகுந்தது. வேறொருவராயின் பிழை என்று கொட்டியிருப்பர். இவ்விருவரும் அதனைப் பின்தொடர்ந்து, தசையில் ஆற்றலைச் சேமித்து வைக்கும் பாஸ்போகிரியாட்டின் என்னும் பொருளை 1927ஆம் ஆண்டில் வெளிப்படுத்தினர். 1929ஆம் ஆண்டில், ஜெர்மனியில் லோமன் என்பார் கண்ட அதே காலத்தில், இவர்களும் தனித்து ஏ.டி.பி. என்னும் ஆற்றல் நாணயத்தைக் கண்டனர்.

பின்னர் லெடர்லி ஆய்வுக்கூடத்தில் சுப்பாராவ் ஆராய்ச்சிக்குத் தலைமை வகித்தார். பம்பாயில் ஆலைத் தொழிலாளர் குடும்பங்களில் கருவுற்ற பெண்களுக்கு வரும் கொடிய சோகையை ஈஸ்ட் சாற்றால் தீர்க்கலாம் என்று ஆங்கில மருத்துவர் லூசி வில்ஸ் 1931ஆம் ஆண்டில் எழுதியிருந்தார். அச்சாற்றில் மறைந்திருந்த பொருளான ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையில் ஆக்கும் வழியை, சுப்பாராவின் குழுவினர் 1945ஆம் ஆண்டில் அறிவித்தனர். அவருடைய உடன்பிறந்தாரைக் கொண்டுபோன குடல் நோய்க்கும் அது மருந்தாயிற்று. அதனை எதிர்க்கும் பொருள்கள் குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்க்கு முதல் மருந்துகளாயின. யானைக்கால் நோய்க்கான மருந்தும் அவர் தலைமையில் வந்ததே. 1948ஆம் ஆண்டில், 53ஆம் வயதில் அவர் மறைந்தார்.

நேயர்களே, இன்று நம் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கருவுற்ற பெண்களுக்கு இரும்புச் சத்தோடு கொடுக்கப்படும் சிறு மாத்திரையில் இருப்பது அதே ஃபோலிக் அமிலம். நம் கல்லூரி ஆய்வுக்கூடங்களில் மாணவர்கள் இன்றும் செய்யும் பாஸ்பரஸ் அளவீடு, ஃபிஸ்க்–சுப்பாராவ் முறை என்ற பெயராலேயே வழங்குகிறது. விரும்பிய பட்டம் கைக்கு வராத ஒருவர் கண்ட நீல நிறத்தையே இன்று வேலூர்ப் பையனும் தன் குழாயில் காண்கிறான்.

ஆயினும் உயர்ந்த உதாரணத்தை மட்டும் காட்டி மாணவரை மயக்குதல் முறையன்று. இப்பட்டத்தால் ஆகாதவற்றையும் கூறிவிட வேண்டும். உயிர் வேதியியல் பட்டம் பெற்றவர் மருத்துவரல்லர். நோயாளிக்கு மருந்து எழுத அவருக்கு உரிமை இல்லை. இரத்தப் பரிசோதனை நிலையத்தில் பணிபுரிவதற்கென மருத்துவ ஆய்வகத் தொழில்நுட்பப் படிப்பு தனியே இருக்கிறது. அப்பணியையே நாடுவோர் அதனையும் பயில நேரும். பி.எட். பயின்று பள்ளி ஆசிரியராக எண்ணுவோர், இப்பட்டம் எந்தப் பாடத்திற்கு இணையாகக் கொள்ளப்படுகிறது என்பதை அரசாணைகளைப் பார்த்து, சேருமுன்பே தெரிந்துகொள்ளுதல் நலம். மூன்றாண்டோடு நிறுத்துபவருக்கு வாய்ப்புகள் குறைவு. எம்.எஸ்ஸி. வரையிலேனும் செல்வதற்குக் குடும்பத்தில் பொருளும் மனமும் உண்டா என்று முன்னரே கலந்து பேச வேண்டும்.

மேலே செல்வோருக்கு வழிகள் பல. 1921ஆம் ஆண்டிலேயே உயிர் வேதியியல் துறை கண்ட பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகம் முதலாக, பல்கலைக்கழகங்கள் பல உள்ளன. மருந்துத் தொழிற்சாலைகளும் உணவுப் பரிசோதனைக் கூடங்களும் உள்ளன. நம் மண்ணின் பயிர்களையே ஆராயும் நிலையங்களும் அருகிலேயே இருக்கின்றன: கரும்புக்குக் கோயம்புத்தூர், வாழைக்குத் திருச்சிராப்பள்ளி, மரவள்ளிக்குச் சேலத்தை அடுத்த ஏத்தாப்பூர். கோழிக்கும் கால்நடைக்கும் நாமக்கல்லிலேயே 1985ஆம் ஆண்டு முதல் கல்லூரி இயங்கி வருகிறது. நுழைவுத் தேர்வுகளுக்கு மூன்றாம் ஆண்டின் இறுதியில் அன்று, இரண்டாம் ஆண்டின் தொடக்கத்திலேயே ஆயத்தமாதல் வேண்டும்.

அடுத்த ஆண்டும் மருத்துவ நுழைவுத் தேர்வை எழுதிப் பார்க்கலாம் என்று கருதி, இவ்வகுப்பைப் பேருந்து நிலையத்துப் பலகை போலக் கொள்வாரும் உண்டு. எழுத விரும்பினால் எழுதட்டும். ஆனால் ஒரு கால் இங்கும் ஒரு கால் அங்கும் வைத்து நிற்பதற்கும் ஒரு வரையறை வேண்டும். அந்த வரையறையைத் தந்தையும் மகனும் உட்கார்ந்து பேசி, நாள் குறித்துவிடுதல் நல்லது.

அந்த விவசாயியிடம் நான் இவ்வளவும் கூறவில்லை. பையனைப் பார்த்து, "தம்பி, இந்தத் தார்களில் ஒரு பழம் முதலில் பழுத்தால் பக்கத்துக் காய்களும் ஏன் பழுக்கின்றன?" என்று மட்டும் கேட்டேன். அவன் சற்று யோசித்து, "அதிலிருந்து ஏதோ வாயு வருதுங்க" என்றான். "அது எதிலிருந்து வருகிறது என்பதைத்தான் நீ படிக்கப் போகிறாய்" என்றேன். அப்போதுதான் அவன் நிமிர்ந்து பார்த்தான். தந்தை, "இதெல்லாமா அந்தப் படிப்பில இருக்குதுங்க?" என்று வியந்தார்.

முன்னர்க் கூறிய பழமொழிக்கு மீண்டும் வருவோம். உயிர் வேதியியல் கற்ற ஒருவன் இலுப்பைப்பூவை நசுக்கிச் சாறெடுத்துச் சோதித்துப் பார்ப்பானாயின், அதிலும் மிகுதியாக இருப்பது சர்க்கரையே என்று காண்பான். அதனைப் போலி என்று பழித்தவர் நாம், பூவின்மேல் குற்றமில்லை. தாம் விரும்பிய ஆலை கிட்டாத பிள்ளைகளை வீட்டில் பழிக்காதிருப்போமாக. கையில் கிடைத்ததன் இனிமையை அவர்கள் தாமே சோதித்து அறியட்டும்.